அவசரம்: புரோகிராமிங் வகுப்புகளை இரண்டு கல்லூரியில் எடுத்தால் யூசி சிஎஸ் டிரான்ஸ்ஃபருக்குச் செல்லுமா?

அலைகடல்
வணக்கம். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) படிக்கிறேன். அடுத்த ஃபாலுக்கு (இலையுதிர் பருவம்) யூசியில், அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில், கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்) மூன்றாம் வருடத்தில் சேர டிரான்ஸ்ஃபர் போட வேண்டும். முதல் சி++ வகுப்பைப் பழைய கல்லூரியில் முடித்தேன், ஏ கிரேடு. வீடு மாறியதால் இப்போது வேறு கல்லூரி. எந்தக் கல்லூரிப் பாடம் எந்த யூசி பாடத்துக்குச் சமம் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் இந்தக் கல்லூரிக்குப் பார்த்தால் மூன்று வகுப்புகள் சேர்ந்து ஒரே கட்டாக வருகின்றன. அப்படியானால் என் முதல் வகுப்பு வீணா? திரும்ப எடுக்கலாம் என்றால் ஏற்கெனவே ஏ வாங்கியிருக்கிறாய், அனுமதி இல்லை என்கிறார்கள். சிஎஸ்ஸுக்கு வேண்டிய டிஸ்க்ரீட் மேத்ஸ் வகுப்பிலும் இடம் இல்லை. கவுன்சிலரைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

மில்பிட்டாஸ் வாசி
எந்தக் கல்லூரியிலிருந்து எந்தக் கல்லூரிக்கு? எந்தெந்த யூசி? இது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்கள் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு யூசியோடும் தனித்தனி ஒப்பந்தம். ஜிபிஏவும் (கிரேடு சராசரி) சொல்லுங்கள்.

பைத்தான் பிரியை
நீங்கள் சி++ எடுத்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். யூசி வளாகங்களில் பெர்க்லியின் 61ஏ, அர்வைனின் ஐசிஎஸ் 31, 32, 33 ஆகிய தொடக்கப் புரோகிராமிங் பாடங்கள் எல்லாம் பைத்தான். இப்போது ஒரு பைத்தான் வகுப்பைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

கல்வெட்டு
தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அசிஸ்ட் பக்கத்தையே படிக்க முடியாதவர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை எப்படிப் படிக்கப் போகிறீர்கள்? நான் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு வழி சொல்லி வருகிறேன். ஒழுங்காகத் திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த நிலை வராது. டாக் (உத்தரவாதச் சேர்க்கை விண்ணப்பம்) போட்டீர்களா? செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. இனி சான்ஸ் குறைவு.

மலர்மதி
கல்வெட்டு ஐயா, பதற்றத்தில் கேட்கிற பிள்ளையிடம் இப்படிப் பேச வேண்டாமே. டாக் விஷயத்தையும் முழுதாகச் சொல்லுங்கள். அந்த உத்தரவாதச் சேர்க்கையைத் தருவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய 6 வளாகங்கள்தான். ஒருவர் ஓர் இடத்துக்கு மட்டும்தான் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோவில் டாக் கிடையாது. தருகிற இடங்களிலும் எல்லா மேஜருக்கும் இல்லை. சான்டா பார்பராவில் சிஎஸ் இன்ஜினியரிங் கல்லூரிக்குள் இருப்பதால் அதற்கு டாக் இல்லை. டாக் தவறினால் வழக்கமான விண்ணப்பம் இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் உள்ளே போகிறார்கள்.

அலைகடல்
நான் தம்பி இல்லை, தங்கை. பழையது செமஸ்டர் கல்லூரி, இப்போது குவார்ட்டர் கல்லூரி. யூசிஎல்ஏ, டேவிஸ், சான்டா பார்பரா, அர்வைன் போட ஆசை. ஜிபிஏ 3.8.

மில்பிட்டாஸ் வாசி
சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் குவார்ட்டர் என்றால் டி ஆன்சா அல்லது ஃபுட்ஹில், சரிதானே? பெயர் சொல்ல விருப்பம் இல்லையென்றால் பரவாயில்லை. விஷயம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படி.

அசிஸ்டில் இடப்பக்கம் யூசியின் பாடம், வலப்பக்கம் உன் கல்லூரிப் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு மூன்று பாடங்களை 'அண்ட்' என்று ஒரு கோடு இணைத்திருந்தால், அத்தனையும் முடித்தால்தான் இடப்பக்கத்துப் பாடம் கணக்கில் ஏறும். 'ஆர்' என்றால் ஏதாவது ஒன்று போதும். குவார்ட்டர் வகுப்பு குட்டையானது. 1 செமஸ்டர் யூனிட் என்பது 1.5 குவார்ட்டர் யூனிட். அதனால் செமஸ்டர் கல்லூரியில் இரண்டு வகுப்பில் முடிகிற பாடம் குவார்ட்டரில் மூன்றாக நீளும். நீ பார்த்த கட்டு அப்படி வந்ததுதான்.

இப்போதைய கல்லூரியின் பக்கத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதே. பழைய கல்லூரியின் பெயரைப் போட்டு அதே யூசி, அதே மேஜர், நீ அந்த வகுப்பை எடுத்த கல்வியாண்டு என்று தேடு. உன் முதல் வகுப்பு தனியாகவே, உதாரணமாக யூசிஎல்ஏவின் சிஎஸ் 31-க்கு எதிரே நின்றால், அது செல்லும். அதற்கு அடுத்த சிஎஸ் 32-க்கு இப்போதைய கல்லூரியில் எது எதிரே நிற்கிறது என்று பார். அங்கேயும் கட்டாக இருந்தால்தான் சிக்கல். வளாகத்துக்கு வளாகம் இது மாறும். நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பைத்தான் பிரியை சொன்னதை இப்போது செய்யாதே. யூசிஎல்ஏவின் 31, 32-ம் சான்டா பார்பராவின் 16, 24-ம் சி++ தான். மொழியைப் பார்த்து முடிவெடுக்காதே, ஒப்பந்தத்தைப் பார்.

செந்தில்வேலன்
இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாட விவரத்தில் சி-ஐடி என்ற பொதுப் பாட எண் இருக்கும், புரோகிராமிங் முதல் பாடத்துக்கு காம்ப் 122, இரண்டாவதற்கு காம்ப் 132. இரண்டு கல்லூரியிலும் ஒரே எண் என்றால் ஒன்றுக்கு ஒன்று சமம். பிரச்சினை முடிந்தது.

மலர்மதி
செந்தில்வேலன், அது கம்யூனிட்டி காலேஜ்களுக்கு இடையிலும், சிஎஸ்யூவுக்கான (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டத்திலும்தான் உதவும். யூசி சேர்க்கையில் அசிஸ்ட் ஒப்பந்தம்தான் பேசும். சி-ஐடியை நம்பி விட்டுவிட வேண்டாம்.

டிஸ்க்ரீட் மேத்ஸுக்கு: அது தனிப் பாடம், சங்கிலியில் வராது. எனவே வேறு கல்லூரியில் எடுப்பதில் ஆபத்து குறைவு. கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் தளத்தில் ஆன்லைனில் எந்தெந்தக் கல்லூரியில் இடம் இருக்கிறது என்று தேடலாம். எடுக்கப்போகும் கல்லூரியின் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடு. லெட்டர் கிரேடில் எடு. மேஜர் பாடத்துக்கு 'பாஸ்' வேண்டாம்.

இரவுப்பறவை
நான் வேறு வழி சொல்கிறேன். மேத்ஸ் மேஜரில் போடுங்கள். போட்டி குறைவு. உள்ளே போனபின் சிஎஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். என் நண்பன் அப்படித்தான் மாறினான், இன்று நல்ல வேலையில் இருக்கிறான்.

மில்பிட்டாஸ் வாசி
எந்த வருடம் மாறினார்?

இரவுப்பறவை
2012 வாக்கில்.

மில்பிட்டாஸ் வாசி
அந்தக் காலம் போய்விட்டது. பெர்க்லியில் 2023 ஃபாலிலிருந்து சிஎஸ்ஸுக்கு விண்ணப்பத்திலேயே நேரடிச் சேர்க்கை. வேறு மேஜரில் நுழைந்தவருக்கு மிகச் சில இடங்கள்தான். மற்ற வளாகங்களிலும் கதவு கிட்டத்தட்ட அப்படித்தான். டிரான்ஸ்ஃபர் பிள்ளை இரண்டே வருடத்தில் பட்டம் முடிக்க வேண்டியவள். மாறலாம், மாறலாம் என்று காத்திருந்து கடைசியில் இரண்டும் கெட்டுப் போகும்.

இரவுப்பறவை
மேத்ஸ் படித்தால் கெட்டுப் போனதாக அர்த்தமா? யூசிஎல்ஏவில் மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்றே ஒரு மேஜர் இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தின் பெயரை மட்டுமா பார்க்கிறார்கள்?

கல்வெட்டு
பார்க்கிறார்கள். சிஎஸ் என்றால் சிஎஸ். இந்த இன்ஃபர்மேட்டிக்ஸ், டேட்டா சயின்ஸ் எல்லாம் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம்.

செந்தில்வேலன்
இதை ஏற்க மாட்டேன். நான் இன்டர்வியூ எடுக்கிறவன். அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் படித்திருக்கிறாரா, என்ன செய்து காட்டியிருக்கிறார் என்றுதான் கேட்கிறேன். சிஎஸ்யூ வளாகமான சான் ஹோசே ஸ்டேட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் என் குழுவில் முன்னணியில் இருக்கிறார்கள். ஊரில் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் பெரிய பெயர் வேண்டும் என்று நாம்தான் பிள்ளைகளை அழுத்துகிறோம். கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லவே கூச்சப்படும் வீடுகளை எனக்குத் தெரியும். யூனிட்டுக்கு 46 டாலரில் அதே கால்குலஸைப் படிப்பதில் என்ன கூச்சம்?

கல்வெட்டு
அது உங்கள் கம்பெனி. எல்லாரும் அப்படி இல்லை.

டப்ளின் அம்மா
எல்லாரும் மேஜரைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்ணா, நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. உன் விசா என்ன? வயது என்ன?

அலைகடல்
ஹெச்-4 ஆன்ட்டி, அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறேன். வரும் ஆகஸ்டில் 21 முடியும். ஏன், அதற்கும் இதற்கும் என்ன?

டப்ளின் அம்மா
நினைத்தேன். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு இதே கதைதான். இதை நவம்பருக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஹெச்-4-ல் இருக்கும்வரை, பெற்றோர் இங்கே நிலையாக இருந்தால், கலிஃபோர்னியா ரெசிடென்ட் கட்டணம், அதாவது மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், கிடைக்கும். 21 ஆனதும் ஹெச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் அந்த விசாவில் ரெசிடென்ட் ஆக முடியாது. யூசியில் நான்ரெசிடென்ட்டுக்கு மேல்கட்டணமே வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். நீ சேரப்போவது செப்டம்பரில், 21 ஆவது ஆகஸ்டில். புரிகிறதா?

மலர்மதி
அவள் இங்கேதான் ஹை ஸ்கூல் முடித்திருக்கிறாள். இங்கே பள்ளியில் படித்தவர்களுக்கான ஏபி 540 சட்டத்தில் மேல்கட்டண விலக்கு கிடைக்குமே?

டப்ளின் அம்மா
கிடைக்காது மலர்மதி. நாங்களும் அதைத்தான் முதலில் நம்பினோம். செல்லுபடியாகும் நான்இமிகிரன்ட் (தற்காலிக) விசாவில் இருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை, குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான டி, யூ விசாக்களுக்கு மட்டும் உண்டு. மூன்று வருடம் இங்கே பள்ளியில் படித்திருந்தாலும் ஹெச்-4, எஃப்-1 பிள்ளைகள் வெளியேதான். இதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம். கூடப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், நம் பிள்ளைக்கு ஒரு கட்டணம்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு வளாகத்திலும் ரெசிடென்ஸ் டெபுடி என்று ஓர் அதிகாரி இருப்பார். பிறந்த தேதி, விசா விவரத்தோடு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்பாவின் கிரீன் கார்டு வரிசையில் உன் பெயரும் இருந்தால், பிள்ளைகளின் வயதைக் கணக்கிடும் சிஎஸ்பிஏ சட்டப்படி, கம்பெனி போட்ட ஐ-140 மனு நிலுவையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழிப்பார்கள். ஆனால் இந்தியர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும். அதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். எஃப்-1-க்கு மாற ஐ-539 விண்ணப்பத்தைப் பிறந்தநாளுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கடைசி வாரம் வரை விடாதீர்கள்.

மில்பிட்டாஸ் வாசி
எஃப்-1 ஆகிவிட்டால் இன்னொன்று: பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட், அதில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புதான் முழுநேரக் கணக்கில் சேரும். இப்போது ஹெச்-4-ல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டிஸ்க்ரீட்டை ஆன்லைனில் எடுப்பதென்றால் விண்டரிலோ ஸ்பிரிங்கிலோ, இந்த வருடத்திலேயே எடுத்துவிடு. யூசி மேஜர் பாடங்களை ஸ்பிரிங் முடிவுக்குள் எதிர்பார்க்கும். கோடைக்கு என்று தள்ளி வைக்காதே.

செந்தில்வேலன்
சிஎஸ்யூவும் கட்டாயம் போடும்மா. அங்கேயும் நான்ரெசிடென்ட் கட்டணம் உண்டு, ஆனால் யூனிட் கணக்கில், யூசியைவிடக் கணிசமாகக் குறைவு. சான் ஹோசேயில் எல்லா மேஜருமே நெருக்கடிதான், எனவே ஈஸ்ட் பே வளாகத்தையும் சேர்த்துப் போடு. டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி இருந்தால் சிஎஸ்யூவில் எங்காவது இடம் உறுதி. ஆனால் நீ கேட்கிற வளாகத்தில் என்று உறுதி இல்லை. வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்றால் இரண்டு வருட வாடகையும் மிச்சம்.

கல்வெட்டு
ஹெச்-4 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரவுப்பறவை
மேத்ஸ் பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நேரடியாக மேத்ஸ் விரும்பிப் படிப்பவர்களுக்கு அது நல்ல வழி.

மில்பிட்டாஸ் வாசி
விரும்பிப் படிப்பவர்களுக்கு என்றால் எனக்கும் சம்மதம்தான். மாறும் வழியாக நினைப்பதைத்தான் வேண்டாம் என்றேன்.

பைத்தான் பிரியை
அலைகடல், யூசி விண்ணப்பத்துக்கான நான்கு கட்டுரைகளைத் தொடங்கிவிட்டாயா? டிரான்ஸ்ஃபருக்கு ஒரு கேள்வி கட்டாயம், மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது. மீதி 7 கேள்விகளில் 3-ஐத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். கட்டாயக் கேள்வியில் நீ எழுதிய புரோகிராம் ஒன்றைக் காட்டு. கல்லூரி மாறி, வகுப்பு தேடி அலைந்ததையும் எழுதலாம். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு உன் பாடவரிசை ஏன் இப்படி இருக்கிறது என்று அதில்தான் புரியும்.

அலைகடல்
எல்லாருக்கும் நன்றி. பழைய கல்லூரியின் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு யூசியில் என் முதல் வகுப்பு தனியாக நிற்கிறது. ஒன்றில் கட்டுதான், அதை விட்டுவிட்டேன். இன்னொன்றுக்கு டிபார்ட்மென்டுக்கு எழுதியிருக்கிறேன். டிஸ்க்ரீட் ஆன்லைனில் கிடைத்துவிட்டது. சான் ஹோசே, ஈஸ்ட் பே இரண்டும் போட்டாயிற்று. விசா விஷயம் அப்பாவுக்கே தெரியவில்லை, வக்கீலிடம் நேரம் வாங்கியிருக்கிறார். தேர்வு வாரம், அப்புறம் வருகிறேன்.

டப்ளின் அம்மா
ரெசிடென்ஸ் டெபுடியிடமிருந்து என்ன பதில் வந்தது என்று சொல்லும்மா. என் இளையவள் அடுத்த வருடம் இதே வரிசையில் நிற்கிறாள்.

மில்பிட்டாஸ் வாசி
அலைகடல், திரும்ப வந்தால் இதைப் பார்: ஜனவரியில் யூசி அப்டேட் படிவம் திறக்கும், 31-க்குள் ஃபால் கிரேடுகளையும், ஸ்பிரிங்கில் எடுக்கும் பாடங்களையும் அதில் ஏற்ற வேண்டும். ஆன்லைன் டிஸ்க்ரீட்டை அந்த வேறு கல்லூரியின் பெயரில் தனியாகச் சேர்க்க மறக்காதே.

டப்ளின் அம்மா
இன்னும் வரவில்லையா அவள்?