நேற்றுப் பிறந்த கினி பிக் குட்டி: கண் திறக்கவில்லை, பல் கோணல். உதவி தேவை

யீஷூன்வாசி:
நேற்று இரவு 3 குட்டிகள். இரண்டு 92, 88 கிராம், நன்றாக ஓடுகின்றன. மூன்றாவது 58 கிராம்தான். முழு வெள்ளை, கண் இருக்கிற இடத்தில் வெறும் கீற்று, மேல் முன்பல் சாய்ந்திருக்கிறது, ஒரு பின்காலில் 4 விரல் (வழக்கமாக 3தான்). தாய், தந்தை இரண்டும் ரோன் (வெள்ளை முடியும் நிற முடியும் கலந்தவை). கண் சில நாளில் திறக்குமா? பால் எப்படிக் கொடுப்பது?

புல்லுக்கட்டு:
பூனைக்குட்டி மாதிரி காத்திருக்க வேண்டாம். கினி பிக் கண் திறந்தேதான் பிறக்கும். பஞ்சை வெதுவெதுப்பான சலைன் உப்புநீரில் நனைத்து இமைமேல் ஒரு நிமிடம் வையுங்கள். பீளை கரைந்து முழுக்கண் தெரிந்தால் அது தொற்று, சொட்டு மருந்தில் சரியாகும். உள்ளே கண்ணே சிறுத்திருந்தால் பிறவிக்குறை. ரோனோடு ரோன் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு இந்த வாய்ப்பு உண்டு: வெள்ளை, பார்வையின்மை, பெரும்பாலும் காதும் கேட்காது, பல் கோளாறு. தாய்க்குப் போட்ட தீனியில் தவறில்லை.

தெம்பனிஸ் அக்கா:
முதலில் தாய்ப்பால்தான் தம்பி. தாய்க்கு இரண்டே காம்பு, பெரியவை முந்திவிடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை 20 நிமிடம் வேறு பெட்டியில் வைத்துவிட்டு, சின்னதைத் தாயின் அடியில் விடுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பார்கள், கினி பிக் அப்படியில்லை.

தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை பாருங்கள். முதல் 2 நாள் கொஞ்சம் இறங்கும். மூன்றாம் நாளும் இறங்கினால் கையால் ஊட்ட வேண்டும்: பூனைக்குட்டிப் பால்மாவு, 1 மி.லி. சிரிஞ்சு, ஒரு வேளைக்கு 0.5 மி.லி.யில் தொடங்கி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. பசும்பால் வேண்டாம், கழியும். குட்டியை நாலு காலில் நிற்கவைத்து, வாயோரத்தில் ஒவ்வொரு சொட்டாக. மல்லாத்திப் பிடித்து அழுத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். இப்படியே குட்டி செத்துப்போகலாம். மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்துங்கள். தாய் அடிப்பக்கம் நக்கிவிடவில்லை என்றால் ஈரப்பஞ்சால் நீங்கள் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர் இறங்காது.

புல்லுக்கட்டு:
கூடுதல் விரலில் நூல் கட்டாதீர்கள். தோலில் தொங்கினால்தான் தொந்தரவு, அதை மருத்துவர் எடுக்கட்டும். பல்லையும் நகவெட்டியால் வெட்ட வேண்டாம், நீளவாக்கில் பிளந்துவிடும். அது வாழ்நாள் முழுக்க வளரும், மருத்துவர் அரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும். இங்கே சிங்கப்பூரில் எல்லா விலங்கு மருந்தகமும் கினி பிக் பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். யாராவது வாய்வழி அமோக்ஸிசிலின் கொடுத்தால் வாங்காதீர்கள், கினி பிக்குக்கு அது விஷம்.

செய்தித்தாளில் கால் வழுக்கும், துண்டு விரியுங்கள். நம் வெயிலில் ஹீட்டிங் பேட் கூடாது. ஏர்கான் அறையென்றால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒரு மூலையில் போதும்.

ஆண் எங்கே இருக்கிறது?

யீஷூன்வாசி:
இன்று காலைவரை அதே கூண்டில்.

தெம்பனிஸ் அக்கா:
அப்படியென்றால் மறுபடி சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே ஆணைச் சேர்த்துக்கொள்ளும். 59 முதல் 72 நாளுக்குள் அடுத்த ஈற்று, அதிலும் அதே நாலில் ஒன்று. தாய்க்கு அல்ஃபால்ஃபா தீவனத் தழையும், வைட்டமின் சிக்காகக் குடைமிளகாயும் இன்றே தொடங்குங்கள். வைட்டமின் சி சொட்டைத் தண்ணீர் பாட்டிலில் விடாதீர்கள், சீக்கிரமே வீரியம் போய்விடும்.