முசாஷி நிஜமாகவே தாமதமாகத்தான் வந்தாரா?

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய வாள்வீரர் மியாமோதோ முசாஷி பற்றி ஒரு கட்டுரை எழுதப்போய் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

1612-இல் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தீவுச் சண்டை தெரிந்திருக்கும். எதிரி சசாகி கொஜிரோ. முசாஷி வேண்டுமென்றே காக்கவைத்தார், துடுப்பைச் செதுக்கி மரவாளாக்கிக்கொண்டு வந்து இறங்கினார், அடித்தார், முடிந்தது. ஆனால் இந்தத் தாமதக் கதையைச் சொல்லும் 'நிதென்கி' 18-ஆம் நூற்றாண்டு நூல். முசாஷி இறந்ததோ 1645-இல். வளர்ப்பு மகன் இயோரி 1654-இல் கொகுராவில் நிறுத்திய கல்வெட்டு, இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள் என்கிறது! முசாஷி கடைசிக் காலத்தில் எழுதிய 'கோரின் நோ ஷோ'வில், 13 வயதிலிருந்து 29 வரை 60-க்கும் மேற்பட்ட சண்டைகளில் தோற்றதே இல்லை என்கிறார். கொஜிரோ பெயரைக் காணோம். எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

கல்வெட்டு பழைய சீன நடையில் இருக்கிறது. நான் படித்தது ஆங்கிலத்தில். ஜப்பானிய மொழி அறிந்தவர்கள் யாராவது அந்த ஒரு வரியைச் சொல்லுக்குச் சொல் தமிழில் தர முடியுமா? கொகுரா பக்கம் போகிறவர்கள் தெளிவாக ஒரு படம் எடுத்துப் போட்டாலும் போதும். அப்புறம், சினிமாவில் பார்த்ததைச் சொல்லாதீர்கள், அதெல்லாம் நானும் பார்த்தாயிற்று.