புது தளம், பாதிப் பக்கம்கூட இண்டெக்ஸ் ஆகவில்லை: பேக்லிங்க் பேக்கேஜ் வாங்கலாமா?

நெல்மணி_கடை:
வணக்கம். பாரம்பரிய அரிசி விற்கும் தளம் ஒன்றை வேர்ட்பிரஸ், வூகாமர்ஸில் அமைத்துப் போன மாதம் திறந்தோம். டொமைன் புதுசு. மொத்தம் 60 பக்கம். கூகுளின் சர்ச் கன்சோல் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி) கணக்குப்படி தேடல் பட்டியலில், அதாவது இண்டெக்ஸில், ஏறியது 22தான். மீதியில் பெரும்பாலானவை 'டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்', சில 'கிரால்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்'. கடைப் பெயரைத் தேடினால் வருகிறது. 'கருப்பு கவுனி அரிசி' என்று தேடினால் எங்கேயும் இல்லை. 'டிஏ 50க்கு மேல் 500 பேக்லிங்க், 4,000 ரூபாய்' என்று, அதாவது மற்ற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு இணைப்பு வாங்கித் தர, ஒருவர் விலை சொல்கிறார். வாங்கலாமா? இல்லையென்றால் எதிலிருந்து தொடங்குவது?

தேடல்_தச்சன்:
வாங்காதீங்க. டிஏ (டொமைன் அத்தாரிட்டி) என்பது மோஸ் என்ற தேடல் கருவி நிறுவனம் தளங்களுக்குத் தரும் சொந்த மதிப்பெண். கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த விலைக்கு வரும் 500 லிங்க்கும் கமெண்ட், ப்ரொஃபைல் பக்கம், காலாவதியான டொமைனை வாங்கி நிரப்பிய தளங்கள் இவற்றிலிருந்துதான் வரும். 2016 செப்டம்பரில் பெங்குவின் என்ற போலி லிங்க் வடிகட்டி கூகுளின் மைய அல்காரிதத்தில் சேர்ந்ததிலிருந்து இப்படிப்பட்ட லிங்க்குகள் பெரும்பாலும் மதிப்பில்லாமல் கழிக்கப்படுகின்றன. அதாவது தண்டனை வராவிட்டாலும் காசு போச்சு. எல்லா லிங்க்கிலும் 'கருப்பு கவுனி அரிசி வாங்க' என்று ஒரே ஆங்கர் (லிங்க்கில் தெரியும் சொல்) இருந்தால் மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஊழியரே பார்த்துத் தரும் தண்டனை) வரவும் வாய்ப்பு உண்டு. அதை நீக்குவது வாங்குவதைவிடப் பெரிய வேலை.

உங்களுக்கு முதல் வேலை லிங்க் இல்லை. அந்த இரண்டு நிலைகளும் வேறு வேறு நோய். 'டிஸ்கவர்ட்' என்றால் முகவரி தெரியும், கூகுளின் போட் (பக்கங்களைப் படிக்கும் நிரல்) இன்னும் வந்து படிக்கவில்லை. 'கிரால்ட்' என்றால் படித்துவிட்டு, எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. இரண்டாவதற்கு லிங்க் மருந்தாகாது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1 கிலோ, 5 கிலோ, 10 கிலோ மூன்றையும் தனித்தனிப் பொருளாகப் போட்டு, ஒரே விவரத்தை ஒட்டியிருந்தால் இதுதான் நடக்கும். ஒரு ரகத்துக்கு ஒரு பக்கம், எடை அதற்குள் வேரியேஷன் (வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் வகை).

'டிஸ்கவர்ட்' பக்கங்களுக்கு: விலைவாரியாக அடுக்கும் 'ஆர்டர்பை' முகவரிகள், 'ஆட் டு கார்ட்' முகவரிகள் இவற்றை ரோபோட்ஸ் கோப்பில் (போட் எங்கே போகக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுங்கள், போட் அங்கே சுற்றி நேரத்தைத் தொலைக்கும். சைட்மேப்பிலிருந்து (கூகுளுக்குத் தரும் பக்கப் பட்டியல்) டேக் பக்கங்களை எடுத்துவிடுங்கள். அதில் உள்ள 'ப்ரையாரிட்டி' எண்ணை கூகுள் கண்டுகொள்வதில்லை. 'லாஸ்ட்மாட்' (கடைசியாக மாற்றிய) தேதி உண்மையாக இருந்தால் மட்டும் பயன்படுத்தும். முக்கியமான ஐந்தாறு பக்கங்களுக்கு முகப்பிலிருந்தே நேரடி இணைப்பு கொடுங்கள். நான்கு கிளிக் ஆழத்தில் கிடக்கும் பக்கம் புது தளத்தில் ரொம்ப நாள் காத்திருக்கும்.

வைகை_வெப்:
தச்சன் சொன்னதில் ஒரு திருத்தம். 'டிஸ்கவர்ட்' நிலைக்கு வெளி லிங்க் உதவும். யாருமே சுட்டாத புது டொமைனுக்கு போட் அடிக்கடி வராது. ஆனால் 500 வேண்டாம், பொருத்தமான ஏழெட்டு போதும்.

உங்கள் தொழிலில் அவை கிடைக்கும் இடம்: நெல் தரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தளம், உங்கள் அரிசியை அடுக்கும் இயற்கை அங்காடிகளின் 'எங்கே கிடைக்கும்' பக்கம், சமையல் குறிப்பு எழுதுபவர்கள், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா போன்ற நிகழ்வுகளைப் பற்றி எழுதும் ஊர்ச் செய்தித் தளங்கள். இவர்கள் விற்பனைப் பக்கத்துக்கு லிங்க் தரமாட்டார்கள். எனவே தரத்தக்க ஒரு பக்கத்தை முதலில் செய்யுங்கள்: ரகம், பயிர் வயது, பட்டம் (விதைக்கும் பருவம்), ஊறவைக்கும் நேரம், தண்ணீர் அளவு, எதற்கு ஏற்றது. ஒரே அட்டவணை, உங்கள் கையால் எடுத்த படங்களுடன். 'சர்க்கரை நோய் தீரும்' வகையறா வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். பொறுப்பாக எழுதுபவர் அதைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுவார்.

விக்கிப்பீடியாவில் லிங்க் போட்டால் ஏறும் என்பார்கள். வெளி இணைப்புகள் அங்கே 2007 முதல் நோஃபாலோ, அதாவது 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி உள்ளவை.

ஆலைக்கோ கடைக்கோ வாடிக்கையாளர் நேரில் வரலாம் என்றால் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் திறந்துவிடுங்கள். வெறும் ஆன்லைன் விற்பனைக்கு அது கிடையாது.

எழுத்தாணி:
தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு தொல்லை. வேர்ட்பிரஸ் ஸ்லக்கில் (முகவரியில் பக்கத்தின் பெயர் வரும் பகுதி) 200 எழுத்துதான் கொள்ளும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக மாறுகிறது. புள்ளியும் உகரக் குறியும்கூடத் தனிக் கணக்கு. 'கருப்பு-கவுனி-அரிசி-பயன்கள்' என்று கொடுத்தால் 'பயன்' என்பதோடு வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் சதவீதக் குறியாக நீண்டு, பார்ப்பவர் ஸ்பேம் என்று நினைக்க இடம் தரும். புதுப் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் சின்ன ஸ்லக் வையுங்கள். ஏற்கெனவே ஏறிய 22ஐத் தொடாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்புவது) கட்டாயம்.

'கருப்பு கவுனி அரிசி' என்ற சொல்லுக்கு இப்போதைக்கு மோதாதீர்கள், பெரிய கடைகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. 'கவுனி அரிசி இட்லிக்கு எத்தனை மணி நேரம் ஊறவைக்கணும்' மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதையே ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பவர்களும் நிறைய. சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் எந்த எழுத்தில் தேடி வருகிறார்கள் என்று தெரியும். சராசரி இடம் 8 முதல் 20க்குள் இருக்கும் கேள்விகளை எடுத்து, அந்தப் பக்கங்களை முதலில் செம்மைப்படுத்துங்கள்.

நெல்மணி_கடை:
மூவருக்கும் நன்றி. எடைப் பக்கங்கள் அப்படியேதான் தனித்தனியாக இருக்கின்றன, சேர்த்துவிடுகிறேன். இன்னொன்று: ஒரு செய்தித் தளம் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடுகிறேன் என்கிறது. அதுவும் தப்பா?

தேடல்_தச்சன்:
விளம்பரமாகப் போடலாம், லிங்க்கில் காசு கொடுத்தது என்று காட்டும் 'ஸ்பான்சர்ட்' குறி இருக்கணும். 2019 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்தது அது. அதைப் படித்து ஆள் வருவார்கள் என்று தோன்றினால் மட்டும் காசு கொடுங்கள், ரேங்க்குக்காக வேண்டாம். குறி போடமாட்டோம், 'டூஃபாலோ உறுதி' என்று அவர்களே சொன்னால் விட்டுவிடுங்கள்.

எடைப் பக்கங்களைச் சேர்க்கும்போது பழைய முகவரிகளை அழித்துவிடாமல், ரகத்தின் பக்கத்துக்கே 301 போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 (உண்மையில் இல்லாத பக்கம்) என்று எடுத்துக்கொள்ளும்.