மறு: ‘ஃபர்ம்வேர் லோட் ஆகவில்லை’ - கையேட்டில் எந்தச் சொல்?

> ஃபர்ம்வேருக்கு (சாதனத்தை உள்ளிருந்து இயக்கும் நிரல்) ‘நிலைப்பொருள்’ பொருந்தாது. வைஃபை அட்டையில் அது நிலைத்திருப்பதே இல்லை, மின்சாரம் நின்றால் அழிகிறது.

அழிவது உண்மைதான். ஆனால் 1967இல் ஆஷர் ஓப்லர் ஃபர்ம்வேர் என்ற சொல்லை உருவாக்கியபோதே, மாற்றி எழுதத்தக்க கட்டுப்பாட்டு நினைவகத்தில் இருப்பதைத்தான் குறித்தார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பதே கருத்து. புழக்கத்தில் உள்ள நிலைப்பொருளே இருக்கட்டும். புதுச்சொல் புகுந்தால் இணையத்தில் விடை தேடுபவருக்குத்தான் சிரமம்.

திருத்த வேண்டியது வினைச்சொல்லை. நம் லினக்ஸ் கையேட்டு வரைவில் எல்லா இடத்திலும் ‘நிறுவ இயலவில்லை’ என்றிருக்கிறது. படிப்பவர் தொகுப்பைத் (பேக்கேஜ்) திரும்பத் திரும்ப நிறுவுவார், வைஃபை வராது.

நிறுவுதல் என்பது கோப்பு வட்டுக்கு வருவது மட்டும். டெபியன் லினக்ஸின் 12ஆம் பதிப்பில் நிலைப்பொருளுக்கெனத் தனியாக ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பிரிவு வந்தது. 11இலிருந்து மேம்படுத்தியவர்கள் தொகுப்புகளை இறக்கும் களஞ்சியப் பட்டியலில் அதைச் சேர்க்காவிட்டால், இன்டெல் வைஃபை அட்டைகளுக்கான ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’ தொகுப்பின் புதிய பதிப்பு கிடைக்காது.

ஏற்றுதல் வேறு. இயக்கி (டிரைவர்) தொடங்கும்போதெல்லாம் ‘/லிப்/ஃபர்ம்வேர்’ அடைவிலிருந்து கர்னல் (இயக்குதளத்தின் கரு) எடுத்துக் கொடுக்கும் கோப்பு அட்டையின் நினைவகத்துக்குப் போவது. கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ கட்டளையின் வெளியீட்டில் -2 என்று வந்தால் அந்தப் பெயரில் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். கோப்பு கண்ணெதிரே இருந்தும் -2 வரலாம். இசட்எஸ்டி முறையில் சுருக்கிய கோப்பை 5.19க்கு முந்தைய கர்னல் படிக்காது. கணினி தொடங்கும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இயக்கி இருந்து, நிலைப்பொருள் அங்கே இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

கையேட்டில் அவசியம் வர வேண்டிய இன்னொன்று: இன்டெல் இயக்கி உயர்ந்த பதிப்பெண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். அதனால் -2 வரிகள் சில வரிசையாக வரும். கடைசியில் ஏற்றப்பட்ட பதிப்பின் எண் தெரிந்தால் பழுது வேறிடத்தில், வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில்’ கட்டளையைப் பாருங்கள்.

தொகுப்பை நிறுவிய பின் இயக்கியின் கூறுகளைக் கர்னலிலிருந்து நீக்கும் ‘மோட்புரோப் -ஆர்’ கட்டளை கொண்டு முதலில் ஐடபிள்யூஎல்எம்விஎம், பிறகு ஐடபிள்யூஎல்வைஃபை என நீக்க வேண்டும். வரிசை மாறினால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். பிறகு ஐடபிள்யூஎல்வைஃபையை மட்டும் மீண்டும் ஏற்றினால் போதும்.

> ஃபிளாஷ் செய்வதற்குப் ‘பொறித்தல்’?

வேண்டாம். பொறித்தது அழியாது என்ற எண்ணம் வரும். ஃபிளாஷ் நினைவகத்தைத் திரும்ப எழுதலாம், ‘எழுதுதல்’ சரி. பயாஸ் மேம்படுத்தும் பகுதிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம். வைஃபை அத்தியாயத்தில் ‘நிலைப்பொருள் கோப்பு கிடைக்கவில்லை’, ‘நிலைப்பொருளை ஏற்ற இயலவில்லை’ என்ற இரண்டு வரிகளும் தனித்தனியே இருக்கட்டும்.