தடைக்காலத்துக் கழுத்துவலி

தங்கச்சிமடத்திலிருந்து:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான். உடம்புக்கு ஓய்வு என்று ஊரே நினைக்கும். எங்கள் அப்பாவுக்குக் கழுத்துவலி வருவதே அந்த நாட்களில்தான். கடலில் வலை இழுத்த அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னும்போது பிடிக்கிற வலி விடிந்தாலும் போகாது.

அவர் உட்காரும் விதத்தைப் பக்கத்தில் இருந்து கவனித்தேன். ஒரு காலை நீட்டி, கட்டைவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். வலது கையில் ஊசி. முடிச்சு விழும் இடம் சரியாகத் தெரியாததால் தாடை நெஞ்சில் படுகிற அளவுக்குக் குனிகிறார். அந்தக் கிழிசல் முடியும்வரை தலை நிமிர்வதே இல்லை.

பிசியோதெரபி பார்ப்பவர் விளக்கிச் சொன்னார். நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் சுமார் 27 கிலோ என்று 2014-இல் ஒரு கணக்கு வந்திருக்கிறதாம். பின்கழுத்துத் தசை அத்தனையையும் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். வலை இழுக்கும்போது தசை சுருங்கும், விரியும், ரத்தம் ஓடும். குனிந்தே இருந்தால் அதற்கு வழியில்லை.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "கண் சோதித்தீர்களா?" அப்பாவுக்கு வெள்ளெழுத்து, கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடி வாங்கிப் போட்டதும் குனிவது பாதி குறைந்தது. இப்போது வலையைக் கம்பில் உயரக் கட்டி, நின்றபடி கொஞ்ச நேரம், உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்று பின்னுகிறார். வலி முழுக்கப் போகவில்லை. ராத்திரி தூங்குகிறார், அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பாம்பனிலிருந்து:

அண்ணே, எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவருக்கு இடுப்பு வலி. முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்தே குனிந்து ஈரப்பாசியை உதறிப் பிரிப்பார். அதைவிட மோசம், விடியற்காலையில் எழுந்தவுடன் குட்டை விளக்குமாற்றால் வாசல் கூட்டுவது. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகுத்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்குமாம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அவற்றுக்குச் சிரமம் அதிகம். விளக்குமாற்றில் நீளக் கம்பு கட்டிக் கொடுத்தேன். கூட்டுவதையும் டீ குடித்து, நடமாடிய பிறகு என்று தள்ளி வைத்தோம். காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவது நன்றாகவே குறைந்திருக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

நான் கடையில் கணக்கு எழுதுகிறவன். "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்லிச் சொல்லி, நாள் முழுக்க விறைப்பாக உட்கார்ந்ததில் எனக்கு வலி கூடியது. எந்த நிலையானாலும் அரைமணிக்கு ஒருமுறை மாற்றுவதே எனக்கு உதவியது. போனையும் மடியில் வைக்காமல் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, காலில் வலு குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இதில் எது இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். நடமாட முடியாத பெரியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.