ஸ்கெட்ச்சுக்கு ஓகே சொன்னவர் கலர் முடிந்ததும் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார், என்ன செய்வது?

மைக்கறை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

நான் பாலிடெக்னிக் கடைசி வருடம். படிப்போடு கேரக்டர் கமிஷன் (காசு வாங்கிக்கொண்டு கேட்டபடி வரைவது) எடுத்து வரைகிறேன், பெரும்பாலும் ஓசி, அதாவது ஒருவர் தானே கற்பனை செய்த கேரக்டர், இல்லாவிட்டால் டிஅண்ட்டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை விளையாட்டு ஆடுகிறவர்களின் கேரக்டர்கள். ஆகஸ்ட்டில் இங்கே சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் ஒருவர், தோழிக்குத் தெரிந்தவர், ஒரு ரெஃபரன்ஸ் ஷீட் கேட்டார். கப்பலோட்டும் பெண், நாற்பது வயது, மாநிறம், கச்சம் வைத்துக் கட்டிய சேலை, இடுப்பில் சுருள்வாள். முழு உருவம் ஒன்று, முகபாவம் மூன்று, ஆயுதம் தனியாக. 280 வெள்ளி பேசி, பாதி 140 பேநவ்வில் (ஃபோன் வழி வங்கிப் பணமாற்று) வந்தது.

ஸ்கெட்ச் அனுப்பினேன், "நல்லா இருக்கு, மேலே போங்க" என்று கட்டைவிரல் எல்லாம் போட்டார். நடுவில் எனக்குப் படிப்பு வேலை வந்து சில வாரம் தாமதம். முழுக் கலரோடு அனுப்பியதும் ஆரம்பித்தது. தோல் நிறம் தப்பாம், நான் ரொம்ப வெளுப்பாகப் போட்டுவிட்டேனாம். முகம் சின்னப் பெண் மாதிரி இருக்காம். சுருள்வாள் வேண்டாம், வேல்கம்பு வேண்டுமாம். திருத்துகிறேன் என்றேன், அதற்குள் மனது மாறி 140-ஐயும் திருப்பிக் கொடு, இல்லையென்றால் இன்ஸ்டாகிராமில் உன் பெயரைப் போட்டு எழுதுவேன் என்கிறார்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் வாட்டர்மார்க்கோடு அனுப்பிய படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அவருடைய டிஸ்கார்ட் ப்ரொஃபைல் படமாக வைத்திருக்கிறார்! பிடிக்காத படத்தை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

முழுப் பணமும் கொடுக்க வேண்டுமா? நானே முந்திக்கொண்டு நடந்ததை எழுதிவிடலாமா?

சுவர்ப்பல்லி:

பேநவ்வில் பெயர் தெரியுமே. பெயரையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டு விடுங்கள், அடுத்தவராவது தப்பிப்பார்.

ஈசூன்_பென்சில்:

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள், அது அப்புறம்.

தங்கச்சி, முதலில் எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். "சில வாரம்" என்றால் எத்தனை வாரம்? ஸ்கெட்ச்சுக்கும் முழுக் கலருக்கும் நடுவில் ஃப்ளாட் கலர், அதாவது நிழல் போடாத வெறும் நிறம், காட்டினீர்களா?

கேட்கக் காரணம் இருக்கிறது. பதினொரு வருடமாகக் கமிஷன் எடுக்கிறேன், சண்டை வந்த எல்லா இடத்திலும் ஒரு படி விட்டுப்போயிருக்கும். ஸ்கெட்ச் பார்த்து ஓகே சொன்னவர் நிற்கும் விதத்துக்கும் உடைக்கும்தான் ஓகே சொன்னார், நிறத்துக்குச் சொல்லவில்லை, சாம்பல் கோட்டில் நிறம் எங்கே இருக்கிறது? பார்க்காததுக்கு அவர் எப்படி ஒப்புதல் கொடுத்திருக்க முடியும்.

வேல்கம்பு வேறு கதை. பிரீஃபில் சுருள்வாள் என்று அவரே எழுதியிருக்கிறார், ஸ்கெட்ச்சிலும் பார்த்திருக்கிறார். அது கூடுதல் வேலை, கூடுதல் காசு. இந்த இரண்டையும் ஒரே மெசேஜில் போட்டுக் குழப்பினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

அப்புறம் உடனே, இதைப் படித்த கையோடு, எல்லா உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டிஸ்கார்ட் டிஎம்மில் (தனிச் செய்தியில்) அவர் எழுதியதை அவர் அழித்தால் உங்கள் பக்கத்திலும் போய்விடும். 2019-இல் வெளிநாட்டுக்காரர் ஒருவர் படத்தை வாங்கி ஐந்து மாதம் கழித்து பேபாலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு டிஸ்ப்யூட் திறந்தார், அவர்கள் 180 நாள் வரை விடுகிறார்கள். "சூப்பர், ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று அவர் எழுதியதைக் காட்டலாம் என்று போய்ப் பார்த்தால் டிஎம்மில் என் பேச்சு மட்டும் பைத்தியக்காரி மாதிரி தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் போனது போனதுதான்.

மைக்கறை:

அக்கா, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

ஏழு வாரம். ஃப்ளாட் காட்டவில்லை. ஏற்கெனவே லேட், ஒரேயடியாக முடித்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த ஏழு வாரத்தில் இரண்டு முறை கேட்டார், ஒரு முறைதான் பதில் போட்டேன்.

கோப்பி_ஓ_கோசோங்:

நான் வரைகிறவன் இல்லை, காசு கொடுத்து வாங்குகிறவன், அதனால் எல்லோரும் என்னை அடிக்க வரலாம்.

ஏழு வாரத்தில் ஒரே ஒரு பதில் என்றால் அந்த ஆள் என்ன நினைத்திருப்பார் தெரியுமா? பணம் போச்சு என்றுதான். எனக்கு நடந்திருக்கிறது. தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருந்தபோது மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஆர்ட்டிஸ்டுக்கு 200 வெள்ளி கொடுத்தேன், வாரா வாரம் கேம்ப்பில் இருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக ஃபோனைத் திறந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் தினம் வேறு படங்கள் போட்டுக்கொண்டிருந்தார், அதுதான் எரியும். கடைசியில் படம் வந்தது, நல்ல படம்தான், எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டாவது மாதத்தில் "பரீட்சை, மூன்று வாரம் ஆகும்" என்று ஒரு வரி வந்திருந்தால் நான் பாட்டுக்குக் காத்திருந்திருப்பேன்.

ஆக அவர் வேல்கம்பு, முகம், அது இது என்று அடுக்குவதெல்லாம் எனக்கு ஏழு வாரக் கோபமாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று. நிறம் கறுப்பாக இருக்கிறது, கொஞ்சம் வெளுப்பாக்கு என்று கேட்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், கல்யாண போட்டோவில் இருந்து கேரக்டர் வரைக்கும். இவர் கறுப்பாக்கு என்கிறார். அவர் மனதில் யாரோ இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். "மாநிறம்" என்பது ஒரு நிறமே இல்லைங்க, எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நான் மாநிறம், அப்பத்தாவுக்கு நான் கறுப்பு, பாஸ்போர்ட் போட்டோ கடைக்காரருக்கு நான் வேறு ஏதோ.

ஈசூன்_பென்சில்:

@கோப்பி சொல்வது சரி, ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தாலும்.

நிறத்தைப் பற்றி ஒரு தொழில் விஷயம். எதில் வரைகிறீர்கள்? ஐபேட், ப்ரோகிரியேட் என்றால் கேன்வாஸின் நிற அமைப்பு டிஸ்ப்ளே பி3-யா (அதிக நிறங்கள் கொண்டது) எஸ்ஆர்ஜிபியா (வழக்கமானது) என்று பாருங்கள், பி3-யில் வரைந்து அனுப்பியது எல்லார் திரையிலும் ஒரே மாதிரி தெரியாது. போதாததற்கு ராத்திரியில் அவர் ஃபோன் நைட் ஷிஃப்ட்டில் (திரையை மஞ்சளாக்கும் அமைப்பு) மஞ்சளாக இருக்கும். நான் இப்போதெல்லாம் தோலுக்கு நான்கு கட்டம் வரைந்து எண் போட்டு அனுப்புகிறேன், "2-ஆ 3-ஆ" என்று கேட்கிறேன், வார்த்தையில் நிறத்தைப் பேசுவதே இல்லை. தோல் லேயர் தனியாக வைத்திருந்தால் மாற்ற அரை மணி நேரம், நிழலை மல்டிப்ளையில் (கீழே உள்ள நிறத்தைக் கருமையாக்கும் லேயர்) வைத்திருந்தால் இன்னும் சுலபம். எல்லாவற்றையும் ஒரே லேயரில் தேய்த்திருந்தால், சரி, அன்றைக்கு ராத்திரி கோப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். முழு 140 கொடுக்காதீர்கள், செய்த வேலை இருக்கிறது. ஒன்றும் தரமாட்டேன் என்றும் நிற்காதீர்கள். என் கணக்கில் ஸ்கெட்ச் ஒப்புதலோடு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, 280-க்கு 90 சொச்சம் வரும். அதற்கு மேல் நீங்கள் வரைந்தது அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத வேலை. ஆகவே ஒன்று, நிறமும் முகமும் இலவசமாகத் திருத்தி முடித்துக் கொடுத்து மீதி 140 வாங்குவது. இல்லை, இத்தோடு நிறுத்தி 90 வைத்துக்கொண்டு 50 திருப்பி அனுப்புவது, படம் உங்களுடையது, அவர் எங்கும் பயன்படுத்தக்கூடாது. எதை எடுப்பது என்பதை அவரிடம் விடுங்கள். பதிலுக்கு ஒரு தேதி போடுங்கள்.

மூன்றாம்_மாடி:

நான் வழக்கறிஞர் இல்லை, அலுவலகத்தில் ஒப்பந்தங்கள் பார்க்கிற வேலை, அந்த அளவு அறிவுதான்.

முதலில் @சுவர்ப்பல்லி. பெயரையும் அடையாளம் தெரியும் விவரத்தையும் ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு வெளியிடுவது இங்கே குற்றம், தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் டாக்ஸிங் என்று 2020 ஜனவரி 1 முதல் இருக்கிறது. "எனக்கு இப்படி நடந்தது, எப்படிச் சமாளிப்பது" என்று பெயர் இல்லாமல் எழுதுவது வேறு, ஆளைக் காட்டிக் கூட்டத்தை ஏவிவிடுவது வேறு. அவருக்கும் இதேதான் பொருந்தும், மைக்கறை. பதற்றம் இல்லாமல் ஒரு முறை அதைச் சொல்லி வையுங்கள், மிரட்டலாக இல்லாமல்.

படம் யாருடையது என்பதற்கு: புது பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு போட்டோ, போர்ட்ரெய்ட் மாதிரி சிலவற்றைக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் காசு கொடுத்தவர்தான் உரிமையாளர். இப்போது வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை உருவாக்கியவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்கவேண்டும், சாட்டில் "சரிங்க உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் மாறிவிடாது. பொதுவில் பயன்படுத்தினால் வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்ததுதான்.

அதற்காகக் கேரக்டரே உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கையால் வரைந்த ரெஃபரன்ஸ் எதாவது கொடுத்திருந்தால் அதில் அவருக்கு உரிமை இருக்கிறது. கமிஷன் முறிந்தது என்பதற்காக அதே பெண்ணை ஸ்டிக்கர் போட்டு ஏஎஃப்ஏ (அனிமே விழா) ஆர்ட்டிஸ்ட் மேசையில் விற்றால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும்.

கடைசியாக, எதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஸ்மால் கிளெயிம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்) இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு பக்கமும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்து வாதாட முடியாது. கோரிக்கை 5,000-க்குள் என்றால் கட்டணம் நுகர்வோருக்கு 10 வெள்ளி, மற்றவர்களுக்கு 50. 140 வெள்ளி மீதிக்கு 50 வெள்ளி கட்டுவது உங்களுக்கு லாபமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவருக்குப் பத்தே வெள்ளிதான், அதையும் மறக்கவேண்டாம். ஒரு நல்ல விஷயம், எல்லாம் ஆன்லைனில் தொடங்குகிறது, விசாரணைக்கு முன்பே அதிலேயே இருவரும் பேரம் பேசி முடித்துக்கொள்ளலாம். ஈசூன் அக்காவின் பேபால் ஆள் மாதிரி வெளிநாட்டில் இருந்தால் இந்த வழி நடைமுறையில் உதவாது. உங்கள் ஆள் செங்காங்.

சுவர்ப்பல்லி:

சரி சரி, வாபஸ்.

மைக்கறை:

நன்றி எல்லோருக்கும். இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள்:

"அண்ணா, ஏழு வாரம் உங்களைக் காக்க வைத்ததும் பதில் போடாததும் என் தப்பு. நிறம் காட்டாமல் முடித்ததும் என் தப்பு. நிறத்தையும் முகத்தையும் காசு வாங்காமல் திருத்தித் தருகிறேன், இந்த முறை ஃப்ளாட் காட்டிய பிறகுதான் மேலே போவேன். வேல்கம்பு முதலில் பேசியதில் இல்லை, அது வேண்டுமென்றால் 35 வெள்ளி. நிறுத்திவிடலாம் என்றால் 50 திருப்பி அனுப்புகிறேன், அப்போது படத்தை எங்கும் வைக்கக்கூடாது, டிஸ்கார்டில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

ஈசூன்_பென்சில்:

"தப்பு" ஒரு தடவை போதும். மற்றபடி அனுப்புங்கள்.

மைக்கறை:

அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார், தேக்காவில்தான் இருக்கிறேன், நேரில் பேசலாமா என்று. தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன். தேக்கா உணவங்காடியில் மேசை பிடிப்பதற்கே இருபது நிமிடம். உட்கார்ந்ததும் அவர் ஃபோனையும் என் ஐபேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், அதே படம், அவர் ஃபோனில் அந்தப் பெண் கிட்டத்தட்ட பூசணிப்பழ நிறத்தில் இருந்தாள். நைட் ஷிஃப்ட் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! அதை அணைத்த பிறகும் "இல்லம்மா, இன்னும் கறுப்பா வேணும்" என்றார். யார் மாதிரி என்று கேட்டேன். உடனே சொல்லவில்லை, கேலரியில் வெகுநேரம் தேடி ஒரு பழைய படத்தைக் காட்டினார், அவருடைய பெரியம்மா, துறைமுகத்தில் வேலை பார்த்தவராம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். இந்தப் படத்தை ஆகஸ்ட்டிலேயே கொடுத்திருக்கலாமே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ரெஃபரன்ஸ் சேலைக்குத்தான் என்று நினைத்து அவர் அப்போது வேறொரு படத்தை அனுப்பியிருக்கிறார்.

அங்கேயே நான்கு கட்டம் போட்டேன். நான்காவதைத் தொட்டார். கண்ணோரம் கோடுகள் சேர்த்ததும் முகமும் சரியாகிவிட்டது. வேல்கம்புக்கு 35 என்றதும் "சுருள்வாளே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

ஃப்ளாட் திங்கள், முழுப் படம் வியாழன், மீதி 140 அன்றே வந்தது. வாட்டர்மார்க்கை வெட்டியதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, படத்தை மாற்றிவிட்டார்.

கோப்பி_ஓ_கோசோங்:

ஷீட்டை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

மைக்கறை:

அவரிடம் கேட்டேன். அவருடைய டிஅண்ட்டி மேசையில் இருப்பவர்கள் இன்னும் பார்க்கவில்லையாம், அடுத்த ஆட்டம் முடியட்டும் என்கிறார்.