கார் இல்லாமல் கோடியக்கரை: ஜனவரியில் மூன்று நாள், பறவையும் நடையும்

நடைப்பிரியன் (கேள்வி)

சென்னையிலிருந்து இரண்டு பேர் வருகிறோம். ஜனவரி நடுவில் இரண்டு இரவு, மூன்று பகல் கோடியக்கரையில் கழிக்க எண்ணம். கார் கிடையாது, வாடகைக்கு எடுக்கவும் போவதில்லை. நாளொன்றுக்கு 10, 12 கிலோமீட்டர் நடப்போம். பூநாரையும் உள்ளான் (சேற்றில் மேயும் சிறு கரைப்பறவை) வகைகளும்தான் முதல் விருப்பம், காட்டிலும் கொஞ்சம் நடக்க வேண்டும். எப்படி வந்து சேர்வது, எங்கே தங்குவது, எந்த வேளையில் எங்கே நிற்பது? கையில் 8x42 பைனாகுலர் இருக்கிறது, ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லை.

உப்பளத்தான்

முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பொங்கல் வாரம் என்றால் பேருந்துச் சீட்டு கிடைக்காது. தை அமாவாசை என்றால் கோடியக்கரையிலும் வேதாரண்யத்திலும் கடலாட வரும் கூட்டம் கரையை நிறைத்துவிடும், உள்ளூர்ப் பேருந்தில் நிற்க இடமிருக்காது. இரண்டையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள். சனி, ஞாயிறை விட்டு நடுவாரத்தில் வந்தால் இன்னும் நல்லது.

வருவதற்கு எளிய வழி, சென்னையிலிருந்து வேதாரண்யத்துக்கு நேராக வரும் அரசு விரைவுப் பேருந்து. இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். ரயில்தான் வேண்டும் என்றால் காரைக்கால் எக்ஸ்பிரஸில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து பேருந்தில் வேதாரண்யம். வேதாரண்யம் வழியாகப் போகும் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதையும் இருக்கிறது. 37 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். ஆனால் ஓடுவது சில வண்டிகள்தான். நேரமும் கிழமையும் பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போட்டால் திருத்துறைப்பூண்டி நடைமேடையில் அரை நாள் போய்விடும்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 11 கிலோமீட்டர். பேருந்து உண்டு, அடிக்கடி இல்லை. வழியில் கோடியக்காடு என்று ஒரு ஊர் வரும். பெயர் காதில் ஒன்றுபோலவே விழுவதால் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். சீட்டு வாங்கும்போதே "கரை" என்று அழுத்திச் சொல்லுங்கள். இறங்கும்போது கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் இருக்கும் பட்டியலைவிட அவர் வாய்ச்சொல்தான் சரியாக இருக்கும். வண்டியைத் தவறவிட்டால் வேதாரண்யத்திலிருந்து ஆட்டோவை வரவழைக்க வேண்டும். அதற்காக முதல் நாளே ஒரு ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

தங்குவதற்கு என் ஓட்டு வேதாரண்யத்துக்குத்தான். சாப்பாட்டுக் கடை, மருந்துக்கடை, ஏடிஎம் எல்லாம் அங்கேதான். கார் இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சேற்றுக்கால்

தங்கும் விஷயத்தில் உப்பளத்தானோடு ஒத்துப்போக முடியவில்லை. ஜனவரியில் சூரியன் ஆறரை வாக்கில் எழுகிறது, ஆறு மணிச் சுமாருக்கு மறைகிறது. பறவை பார்க்க உருப்படியான நேரம் முதல் மூன்று மணியும் கடைசி இரண்டு மணியும். வேதாரண்யத்தில் படுத்துக்கொண்டு காலைப் பேருந்துக்குக் காத்திருந்தால் அதில் பாதி போய்விடும். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். கிடைத்தால் இரண்டு இரவும் அங்கேயே. கிடைக்காவிட்டால் வேதாரண்யம், ஆனால் காலைக்கு மட்டும் ஆட்டோ பேசிவிடுங்கள், திரும்புவதற்குப் பேருந்து போதும். சாப்பாட்டைப் பற்றிய பயம் கொஞ்சம் அதிகம்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை மீன்பிடிப் பருவம், வெளியூர் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கும் காலம். அதனால் கரையில் டீக்கடையும் சாப்பாடும் இருக்கும்.

இனி எங்கே நிற்பது. இதைச் சரியாகச் செய்தால் ஸ்கோப் இல்லாத குறை பாதி தீரும்.

சதுப்பும் உப்பளங்களும் சாலைக்கு மேற்கே விரிந்து கிடக்கின்றன, கடற்கரை கிழக்கே. ஆகவே காலையில் சதுப்பு, மாலையில் கடற்கரை. காலையில் மேற்கே பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் காலின் நிறம்கூடத் தெரியும். அதையே மாலையில் செய்தால் கறுப்பு உருவங்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பவளக்காலியின் சிவப்புக் கால் தெரியாத வெளிச்சத்தில் உள்ளான்களைப் பிரித்தறிவது வீண் வேலை. பத்து மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் கிளம்பும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியானாலும் உருவம் நெளியும். அப்போது காட்டுக்குள் போய்விடுங்கள்.

அடுத்தது தண்ணீர். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஓத அட்டவணையைத் தேடாதீர்கள். இந்தப் பக்கம் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. சதுப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதை வடகிழக்குப் பருவமழையும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. டிசம்பர் கடைசியில் கனமழை பெய்திருந்தால் ஜனவரி நடுவிலும் முழங்கால் ஆழம் நிற்கும். பூநாரைக்கு அது பொருட்டில்லை, ஊசிவால் வாத்துக்குக் கொண்டாட்டம். ஆனால் கொசு உள்ளானின் கால் இரண்டு விரற்கடை நீளம்தான். அது விளிம்பில் ஈரச்சேறு தெரியும் இடத்துக்கு நகர்ந்திருக்கும். மழை குறைந்த ஆண்டு என்றால் நேர்மாறு. நடுச் சதுப்பு காய்ந்து, கடல்நீர் ஏற்றி வைத்திருக்கும் உப்பளத் தேக்கங்களில் எல்லாம் கூடும். போன இடத்தில் பறவை இல்லை என்று திரும்புவதற்கு முன் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள், எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்பது விளங்கும்.

உப்பள வரப்புகளில் பல தனியார் குத்தகை. கேட்காமல் ஏறக்கூடாது. சதுப்பில் இறங்கவே இறங்காதீர்கள். மேலே வெள்ளையாக உப்புப் படர்ந்து கெட்டியாகத் தெரியும், ஒரு அடி எடுத்து வைத்தால் தொடை வரை இழுக்கும்.

8x கண்ணாடியில் கொசு உள்ளானை நம்பிக்கையோடு சொல்ல 50 மீட்டருக்குள் வர வேண்டும். துரத்திப் போய் அந்தத் தூரத்தை எட்ட முடியாது. வரப்பின் சரிவில், தலை வானத்தின் எதிரே தெரியாதபடி தாழ்வாக உட்கார்ந்து அரை மணி அசையாமல் இருங்கள். அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். வழியில் ஆள்காட்டிக் குருவியைக் கிளப்பிவிடாதீர்கள். அது கத்தினால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும், அன்றைய காலை முடிந்தது.

பாலைமரம்

காட்டைப் பற்றிச் சில வரிகள். இது 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2002இல் ராம்சர் இடமானது (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்). நுழைவுச்சீட்டு வாங்கி, எந்தப் பாதையில் நடக்கலாம் என்று வன அலுவலரிடம் கேட்டு, அதில் மட்டும் நடங்கள். வெளிமான் புல்வெளிக்கு அதிகாலையே சரி. காட்டுக்குள் ராமர் பாதம் என்ற மேடு வரை போய் வருவது நல்ல நடை. கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர்தான் உயரம், அதுதான் இங்கே மேடு! ஆனாலும் மேலே ஏறினால் காட்டின் உச்சி கண்ணுக்கு நேராக விரியும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது, நிறைய மரங்கள் சாய்ந்தன. பழைய பயணக் குறிப்புகளில் "அடர்ந்த நிழல்" என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பாதீர்கள், தொப்பி வேண்டும். ஆறுமணிக் குருவிக்கு ஜனவரி கொஞ்சம் தாமதம், அது அக்டோபர் வாக்கில் இந்த வழியாகத் தெற்கே போய்விடும். கொடிக்கால் வாலாட்டியும் அரசவால் ஈப்பிடிப்பானும் இருக்கும்.

செருப்பு வேண்டாம். சீமைக்கருவேல முள் ரப்பர் அடியைத் துளைத்துவிடும், அடி தடித்த ஷூ போடுங்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மட்டக்குதிரையும் மாடும் திரியும் காடு, உண்ணி ஏறும். திரும்பியதும் இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். குரங்குகள் இருக்கின்றன, தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

நடைப்பிரியன்

நன்றி. பூநாரை இல்லத்துக்கு எழுதுகிறோம். இன்னொன்று: ஒரு நாள் கோடியக்கரையிலிருந்து கடலோரமாகவே வேதாரண்யம் வரை நடந்துவிடலாமா? வரைபடத்தில் நேர்கோடாகத்தான் தெரிகிறது.

சேற்றுக்கால்

திசையை மாற்றுங்கள். ஜனவரியில் வடகிழக்குக் காற்று. கோடியக்கரையிலிருந்து வடக்கே நடந்தால் மணல் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். பிற்பகலில் வேதாரண்யத்திலிருந்து தெற்கே நடந்தால் காற்று முதுகைத் தள்ளும், வெயில் நிலத்துப் பக்கம் இருக்கும், அலையோரத்து ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் வெளிச்சத்தில் தெரியும்.

தூரத்தைச் சாலைக் கணக்கில் எண்ணாதீர்கள். உலர்மணலில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். ஈரம் இறுகிய நீர்விளிம்பைப் பிடித்து நடங்கள். வழியில் நிழலில்லை, நல்ல தண்ணீரில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் எடுங்கள். கடைசிப் பகுதி சரணாலயத்தை ஒட்டியது, முன்னதாக வனத்துறையிடம் சொல்லிவிட வேண்டும். இருட்டிய பிறகு கரையில் நிற்கக்கூடாது, ஆமை முட்டையிட ஏறும் பருவம் அது. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உப்பளத்தான்

முழுத் தூரமும் நடந்தே ஆக வேண்டும் என்றில்லை. கோடியக்கரையில் வலை உதறும் இடத்தருகே மாலை நாலு மணிக்கு நின்றாலே கடற்காகமும் ஆலாவும் செம்பருந்தும் குவிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை சென்னைக்குத் திரும்புமுன் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டி–முத்துப்பேட்டை சாலையில் பேருந்திலேயே இறங்கிக்கொள்ளலாம். ஏரி மரங்களில் நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் ஜனவரியில் கூட்டில் இருக்கும். அங்கே 8x கண்ணாடியே தாராளம். பை கனமாக இருந்தால் திருத்துறைப்பூண்டியில் தெரிந்த கடையில் வைத்துவிட்டுப் போங்கள், ஏரிக்கரையில் நடக்க இடுப்பும் தோளும் காலியாக இருக்க வேண்டும்.